குரோன் நோய்: லேப்ராஸ்கோப்பி செய்யலாமா?

கேள்வி: 24 வயதாகும் என் மகளுக்குக் குரோன் எனும் குடல் அழற்சி நோய். சிறுகுடலின் கடைசிப் பகுதி சுருங்கிவிட்டது. லேப்ராஸ்கோப்பி முறையில் வெட்டி எடுக்கலாம் என்கிறார் டாக்டர். நோய் அடியோடு தீருமா? பின்னாளில் குழந்தைப்பேறு பாதிக்குமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: கலங்காதீர்கள் அம்மா. வீக்கத்தால் வரும் அடைப்பை மருந்து குறைக்கும். தழும்பாகி இறுகிய குடலை அது விரிக்காது. அப்போது அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

தொப்புளருகே சிறு துளையிட்டுக் கேமராவையும், வேறு சில துளைகள் வழியே கருவிகளையும் செலுத்துவார்கள். நோயுற்ற துண்டை அகற்றி, நல்ல சிறுகுடலைப் பெருங்குடலோடு இணைப்பார்கள். வயிற்றை நீளமாகத் திறப்பதைவிட வலி குறைவு. சீக்கிரம் வீடு திரும்பலாம். உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் குறைவு என்பதால், குழந்தைப்பேற்றை எண்ணும் இளம்பெண்களுக்கு இது கூடுதல் நன்மை. சீழ்க்கட்டியோ கடுமையான ஒட்டுதலோ இருந்தால், நடுவில் வயிற்றைத் திறக்க நேரலாம். அது தோல்வி அல்ல, பாதுகாப்பு.

ஆனால் நோய் அடியோடு தீராது. குடலை இணைத்த இடத்திலேயே மீண்டும் தலைகாட்டக்கூடும். எனவே 6 முதல் 12 மாதங்களுக்குள் கொலோனோஸ்கோப்பி (குடல் உள்நோக்கிப் பரிசோதனை) அவசியம். டாக்டர் சொன்னால் மருந்தும் தொடர வேண்டும். புகைப்பழக்கம் கூடவே கூடாது.

அறுவைக்கு முன் ரத்தசோகையைச் சரிசெய்து, உடலைத் தேற்றுங்கள். மகள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துவந்தால், அது புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். ஆனாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்லும் வகையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். குடல் அறுவையில் நல்ல அனுபவமுள்ள மருத்துவரைத் தேர்ந்தெடுங்கள்.