நம்பிக்கையைப் பந்தயமாக வைக்கலாமா?



கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன், கதிரவன் மறையுமுன் நான் இலை போட்டவுடன் மறுப்பேதுமின்றி வந்து அமர்ந்தான். கல்லூரியிற் புள்ளியியல் பயிலும் பிள்ளை. விடுதியில் இரவு ஒன்பது மணிக்கு உண்டு பழகியவன். "கட்டாயமில்லை அப்பா, உன் விருப்பம்" என்றேன். அதற்கு அவன், "இதில் எனக்கென்ன நட்டம் பாட்டி? நீங்கள் சொல்லும் மறுபிறப்பு மெய்யானால் எனக்குப் பெரும் லாபம், பொய்யானால் ஒரு வேளை முன்னதாகச் சாப்பிட்டேன், அவ்வளவுதானே" என்றான். குறும்பு என்று எண்ணிச் சிரித்தேன். அவனோ, இது தன் சொந்தச் சரக்கன்று, பாஸ்கல் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தது என்றான். பாஸ்கல் பெயரை நான் அழுத்தத்தின் அலகாக மட்டுமே அறிவேன். அவர் சமயம் பற்றியும் எழுதினார் என்பது எனக்குப் புதிது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்கட்குக் கற்பித்த முதற்பாடம், மாணவன் கேட்டதற்கு விடை தெரியாவிடில் படித்துவிட்டு வந்து சொல் என்பதே. அவ்வாறு படித்ததையும், அதன்மேல் எனக்குத் தோன்றியதையும் இங்கு எழுதுகின்றேன்.

பாஸ்கல் 1623-ஆம் ஆண்டு கிளெர்மோன் நகரிற் பிறந்தவர். வரிக்கணக்குப் பார்த்த தந்தையாரின் உழைப்பைக் குறைக்கவேண்டி, இருபது வயது நிரம்புமுன்னரே கூட்டற்பொறி ஒன்றை அமைக்கத் தொடங்கிய மகன். நமக்கு வேண்டியது 1654-இல் அவர் பெர்மா என்னும் மற்றொரு கணித அறிஞருக்கு எழுதிய கடிதங்கள். சூதாட்டம் ஒன்று பாதியில் நின்றுபோனால் பணயத்தை எவ்வாறு பகிர்வது என்பது வினா. இதனைச் சற்று நிதானமாகக் காண்போம். வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள்.

இருவர் ஆளுக்கு 32 காசு வைக்கின்றனர். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கு 64 காசும் உரியது. முதலாமவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் வென்ற நிலையில் ஆட்டம் நின்றுவிடுகின்றது. பாதிப் பாதி என்றால் முன்னிற்பவருக்கு அநீதி. முழுவதும் அவருக்கே என்றால் பின்னிற்பவருக்கு அநீதி. அடுத்த ஆட்டம் நடந்திருந்தால் என்னவாகும் என்று பாஸ்கல் எண்ணிப் பார்த்தார். முதலாமவர் வென்றால் 64-ம் அவருக்கு. தோற்றால் இருவரும் சமம். அப்போதும் அவருக்கு 32 உண்டு. ஆகவே 32 காசு எவ்வாறாயினும் அவருடையதே. எஞ்சிய 32-இல் இருவருக்கும் ஒத்த வாய்ப்பு, எனவே ஆளுக்குப் பதினாறு. முதலாமவருக்கு 48, மற்றவருக்கு 16. நிகழாத ஒன்றை நிகழ்ந்ததுபோல் எடைபோடும் இக்கணக்கின்மேல்தான் இன்றைய காப்பீட்டுத் தொழில் முழுவதும் நிற்கின்றது.

இதே தராசை அவர் பின்னர் இறைநம்பிக்கைக்கும் பிடித்தார். இறைவன் உளனோ இலனோ என்பதை அறிவால் தீர்க்க இயலாது. ஆயினும் வாழத் தொடங்கிய எவனும் ஆட்டத்துக்கு வெளியே நிற்க முடியாது. நம்பி வாழ்ந்து, இறைவனும் இருந்துவிட்டால் கிடைப்பது முடிவிலாப் பேரின்பம். இல்லாவிடில் இழப்பது சில சிற்றின்பங்கள். முடிவிலாப் பரிசுக்கு எதிரே அளவுடைய பணயம் எத்துணைப் பெரிதாயினும் சிறிதே. ஆகவே நம்பிக்கையின் பக்கம் வைப்பதே அறிவுடைமை என்றார். 1662-இல் அவர் மறைந்தபின், துண்டுத் தாள்களிற் கிடந்த இக்குறிப்பு ஏனைய குறிப்புகளோடு 1670-இல் நூலாயிற்று.

அவருக்கு நியாயம் செய்யவேண்டுமாயின் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வாதத்தை அவர் தமக்காக எழுதிக்கொள்ளவில்லை. சமயத்தைப் பொருட்படுத்தாது சூதிலும் கேளிக்கையிலும் காலங்கழித்த பாரிசு நகரத்துக் கனவான்களிடம், அவர்கள் அறிந்த மொழியிலேயே பேசினார். அவருடைய சொந்த நம்பிக்கை வேறு வழியில் வந்தது. 1654 நவம்பர் 23-ஆம் நாள் இரவு, ஏறத்தாழப் பத்தரை மணி முதல் நள்ளிரவு கடந்து பன்னிரண்டரை மணி வரை, தமக்கு உண்டான ஓர் உள்ளொளியை ஒரு தாளில் எழுதித் தம் மேலாடையின் உட்புறத்தில் வைத்துத் தைத்துக்கொண்டார். அவர் இறந்தபிறகே அதனைப் பிறர் கண்டனர். அந்தத் தாளிற் கணக்கு ஒன்றுமில்லை.

இவ்வாதத்தை மறுத்தோர் பலர். ஒரு செய்தி மெய்யாயிருப்பது எனக்கு ஆதாயம் என்பதனால் அது மெய்யாகிவிடாது என்று வால்டேர் 1734-இல் எழுதினார். இதே வாதத்தை இசுலாமிய இமாம் ஒருவரும் சொல்லலாமே என்றார் திதெரோ. சமயம் ஒன்றாயிருந்தால் கட்டம் இரண்டு. சமயம் பத்தாயின் எந்தக் கட்டத்திற் காசு வைப்பது? 1896-இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் இன்னும் கடுமையாகவே சொன்னார்: இத்தகைய கணக்கோடு வருபவரை முடிவிலாப் பரிசிலிருந்து விலக்கிவைப்பதில் அந்த இறைவனுக்கே ஒரு மகிழ்ச்சி இருக்கக்கூடும் என்று. பேரன் காட்டிய ஓட்டை எனக்கு மிகவும் பிடித்தது. முடிவிலியிற் பாதியும் முடிவிலியே. எனவே 'நாளைக்குக் காசு சுண்டிப் பார்த்து, தலை விழுந்தால் நம்புவேன்' என்பவனுக்கும் இக்கணக்கின்படி அதே மதிப்பு வந்துவிடுகின்றது! நம் முன்னோர் எண்களைச் சங்கியாதம், அசங்கியாதம், அனந்தம் எனப் பகுத்து, அவற்றுள்ளும் பிரிவு கண்டு இருபத்தொரு வகையாக்கியதைச் சொன்னேன். அனந்தத்தில் மட்டுமே ஒன்பது வகை என்றதும் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இனி நம் நெறியின்பாற் பார்ப்போம். பாஸ்கலின் ஆட்டத்திற் பரிசு கொடுப்பவர் ஒருவர் இருக்கின்றார். நம் அருகப் பெருமானோ வீதராகர். விருப்பும் வெறுப்பும் அற்றவர். நம்பினவனுக்கு ஈவதும் நம்பாதவனைத் தண்டிப்பதும் அவர்பால் இல்லை. அனந்த சுகமும் எவரோ தரும் பரிசன்று. வினைத்திரை நீங்கியவழி உயிரின் இயல்பாகவே விளங்குவது. தன் வீட்டு நிலத்துள் புதைந்திருக்கும் பொருளுக்கு ஒருவன் அகழ்வானேயன்றிப் பரிசுச்சீட்டு வாங்கமாட்டான்.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் முதலிரண்டும் இங்கேதான் வந்து நிற்கின்றன. ஐயமின்மை நிச்சங்கிதம், பயன் அவாவாமை நிக்காங்க்ஷிதம். பந்தயத்துக்கோ ஐயமே முதல், அவாவே வட்டி. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் சங்கையையும் காங்க்ஷையையும் நற்காட்சியின் குற்றங்களுள் முன்வைத்தார். விரதத்துக்கு ஈடாக இன்னது பெறுவேன் என்று நினைக்கும் நிதானம் மூன்று சல்லியங்களுள் ஒன்று. சல்லியம் என்றால் உள்ளே தங்கிய முள். மேலே புண் ஆறினாற்போலத் தோன்றும். காலை ஊன்றினால் தெரியும்.

நிக்காங்க்ஷிதத்துக்கு எடுத்துக்காட்டாக அனந்தமதியைச் சொல்வார்கள். சம்பா நகரத்து வணிகர் மகள். சிறுமியாயிருந்தபோது, விழா நாளில் தந்தையார் எட்டு நாளுக்கு விரதம் ஏற்கையில், விளையாட்டாக அவளையும் பிரமசரியம் ஏற்கச் செய்தார். மணப்பருவத்தில், 'அது வேடிக்கைக்குச் சொன்னதம்மா, அதுவும் எட்டே நாளுக்கு' என்றார். தான் அவ்வாறு கருதவில்லை என்றாள் அவள். பின்னர்க் கடத்தப்பட்டும், காட்டில் விடப்பட்டும், பலர் கைப்பட்டும் அவள் விரதம் வழுவவில்லை. இதற்கு ஈடாக இன்னது வேண்டும் என்று எங்கும் கேட்டாளுமில்லை.

"அப்படியானால், கணக்குப் போட்டு நான் இரவில் உண்ணாதிருப்பது வீணா?" என்று பேரன் கேட்டான். நல்ல வினா. வீணன்று என்றே எனக்குத் தோன்றுகின்றது. விளக்கில் வந்து விழும் பூச்சிக்கு அவன் கருத்து என்னவென்று தெரியாது. அது பிழைத்தது பிழைத்ததே. அந்தப் பயனுக்கு மறுமை வரை காத்திருக்கவும் வேண்டா. பாஸ்கலும், நம்ப இயலாதவன் முதலில் வழிபாட்டுச் செயல்களைச் செய்து பழகட்டும், நம்பிக்கை பின்னே வரும் என்றே அறிவுரை கூறினார். நெல்லில் 'அ' எழுதும் குழந்தைக்கு மொழி தெரியுமா? கை பழகியபிறகே பொருள் வருகின்றது. ஆகவே அவ்வறிவுரையை நான் முற்றும் தள்ளமாட்டேன். ஆனால் செயல் ஒன்று, காட்சி ஒன்று. கணக்கினாற் பிடித்த விரதத்தைக் கணக்கு மாறியவுடன் விட்டுவிடுவோம். அதற்கு நானே சான்று.

"நீங்கள் பந்தயம் வைத்ததே இல்லையா பாட்டி?" என்று அவன் கேட்டபோது, நாற்பதாண்டுகளுக்கு மேலாக எவரிடமும் சொல்லாததைச் சொன்னேன். 1981-இல் அவன் தந்தைக்கு வயது நான்கு. டைபாய்டு காய்ச்சல், பன்னிரண்டு நாளாகியும் இறங்கவில்லை. அண்டை வீட்டு அம்மாள், எல்லையம்மனுக்குக் கோழி நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியிற் காசு முடிந்து வை என்றார். நல்ல மனத்தோடு சொன்னவர். அவர் நெறி அவருக்கு. கொலைப்பலி எங்கட்கு ஆகாது என்றேன். "அப்படியானால் கோழிக்குப் பதில் பூசணிக்காய் வெட்டிவிடு, குங்குமம் தடவி. பலித்தால் பிள்ளை பிழைப்பான், பலிக்காவிட்டால் ஒரு பூசணிக்காய்தானே போகும்" என்றார். காசை முடிந்து வைத்தேன். மருத்துவர் கொடுத்த மருந்தில் காய்ச்சல் இறங்கிற்று. சொன்ன சொல்லுக்காக ஒரு விடியற்காலையில் யாரும் அறியாமற் சென்று, கோழி என்று மனத்துள் சொல்லிக்கொண்டே, அந்தக் காயை இரண்டாக வெட்டினேன்.

யசோதர காவியம் அறிந்தவர்கட்கு மேலே சொல்லவேண்டியதில்லை. உயிர்ப்பலிக்கு உடன்படாத யசோதரனைத் தாய் சந்திரமதி மாக்கோழிக்கு உடன்படுத்தினாள். மாவுக்கு உயிரில்லை, வெட்டும்போது நெஞ்சில் இருந்தது கோழி. அதன் பயனாகத் தாயும் மகனும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல பிறவி உழன்றனர். சிறுவயதிலேயே என் தந்தையார் மடியிற் கேட்ட கதை. கத்தியை எடுத்தபோது அது நினைவுக்கு வரவில்லை. கழுவி வைத்தபோதுதான் வந்தது. அதன்பின் பல ஆண்டுகள், பருவ விழாக்களில் எங்கள் ஜினாலயத்துச் சிறுமியர்க்கு அக்கதையைச் சொல்லும் முறை வந்தபோதெல்லாம், தொண்டை கட்டியிருக்கின்றது என்று கூறி வேறொருவரைச் சொல்லவைத்தேன்.

பேரன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றான். தெரியாது என்றேன். இவ்விதழ் வந்ததும் அவரும் படிப்பார்.

மறுநாள் மாலை அவன் விடுதிக்குப் புறப்பட்டான். வண்டி ஆறரை மணிக்கு, ஐந்தரைக்கே உண்டுவிட்டான். அங்கு போய் என்ன செய்கின்றான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, யசோதர காவியம் உரையோடு எங்குக் கிடைக்கும் என்று வினவினான். என் தந்தையாரின் படி பெட்டியில் இருக்கின்றது. பக்கங்கள் பொடிந்து வருகின்றன. எழுத்துப் பெரிதாகப் படியெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கின்றேன்.