பழைய மிதிவண்டியை எவ்வளவுக்குக் கேட்கலாம்?

நகைக் கடன் பெற வரும் வாடிக்கையாளரிடம் எங்கள் மதிப்பீட்டாளர் ‘இதற்கு என்ன மதிப்பு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்பதில்லை. நகையைத் தராசில் வைக்கிறார். உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்க்கிறார். கல்லுக்கும் அரக்குக்கும் உரிய எடையைக் கழிக்கிறார். நிகர எடையை உரிய விலையால் பெருக்கி, அதிலும் ஒரு பகுதியை மார்ஜினாக ஒதுக்கிய பிறகே கடன் தொகையைச் சொல்கிறார். வந்தவர் தம் நகையை மிகுதியாக மதித்திருந்தாலும் குறைவாக மதித்திருந்தாலும் தராசின் முள் அதனால் அசைவதில்லை.

இம்முறையை நாள்தோறும் கண்டுவரும் நான், என் சொந்தப் பணத்தில் ஒரு பழைய பொருளை வாங்கச் சென்றபோது அதை அடியோடு மறந்தேன். அந்தத் தவற்றிலிருந்து கற்றதே இக்கட்டுரை. பொருள், 1970களிலும் 1980களிலும் செய்யப்பட்ட, வளைந்த கைப்பிடியும் மெல்லிய எஃகுச் சட்டகமும் கொண்ட சாலைப் பந்தய மிதிவண்டி. இவற்றை இன்று தேடி வாங்குவோர் நம் நகரங்களில் பலர் உள்ளனர். ஆனால், பழைய காருக்கு உள்ளதுபோல் இதற்குப் பதிவுச் சான்று இல்லை. காப்பீட்டு நிறுவனம் குறிக்கும் மதிப்பும் இல்லை. விலை முழுவதும் இருவரின் பேச்சில் முடிவாகிறது. ஆகவே பேசப் போகுமுன் நம் கையில் ஒரு கணக்கு இருந்தாக வேண்டும்.

முதலில் காதில் விழும் எண்

புனேயில் பணியாற்றிய காலத்தில், பிரெஞ்சு நாட்டுத் தயாரிப்பான ஒரு பழைய மிதிவண்டியைப் பார்க்கச் சென்றேன். விற்பவர் 28,000 ரூபாய் என்றார். அரை மணி நேரம் பேசி 22,000 ரூபாய்க்கு முடித்தேன். ஆறாயிரம் குறைத்துவிட்டோம் என்ற பெருமையோடு வீடு திரும்பினேன்.

பின்னர்தான் உண்மை தெரிந்தது. இருக்கைத் தண்டு சட்டகத்தோடு இறுகிப் போயிருந்தது. பெடல் அச்சைத் தாங்கும் கிண்ணங்கள் தேய்ந்திருந்தன. அக்காலப் பிரெஞ்சு வண்டிகளில் அக்கிண்ணங்களின் மரை 35 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்டது. கடைகளில் எளிதில் கிடைப்பதோ 1.37 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 24 மரை கொண்ட ஆங்கில அளவு. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. தேடி வாங்கிப் பழுது நீக்குவதற்கு மூன்று மாதமும் 9,000 ரூபாயும் ஆயின. ஆக, அடக்க விலை 31,000 ரூபாய். அதே நிலையிலுள்ள வண்டி அப்போது ஏறத்தாழ 20,000 ரூபாய்க்குக் கைமாறிக்கொண்டிருந்தது.

நான் செய்த பிழை, பேரத்தை 28,000 என்ற எண்ணிலிருந்து தொடங்கியது. உளவியலாளர்கள் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இப்பிழையை விளக்கியுள்ளனர். சுழலும் சக்கரம் ஒன்றை 10 அல்லது 65 என்ற எண்ணில் மட்டும் நிற்குமாறு அமைத்து, அதைச் சுற்றிக் காட்டினர். பிறகு, ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டனர். 10ஐப் பார்த்தவர்களின் மதிப்பீடு நடுவளவாக 25. 65ஐப் பார்த்தவர்களுடையது 45. கேள்விக்குத் தொடர்பே இல்லாத எண்கூட மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. அவ்வாறெனில், விற்பவர் வாயிலிருந்து வரும் எண் எவ்வளவு இழுக்கும்!

மூன்று வரிக் கணக்கு

இதற்கு மருந்து, விற்பவர் விலை சொல்லுமுன் நம் விலையை எழுதி வைத்துக்கொள்வது. விளம்பரத்தில் விலை கண்டிருந்தாலும், அதை ஒதுக்கிவிட்டு இக்கணக்கைப் போட வேண்டும். மூன்று வரிகள் போதும்.

முதல் வரி, ஓடும் நிலை மதிப்பு: பழுதெல்லாம் நீக்கி, நாளையே ஏறி ஓட்டத்தக்க நிலையில் இவ்வண்டி என்ன விலை பெறும்? இங்கே விற்ற விலையைக் கொள்ள வேண்டுமேயன்றிக் கேட்கும் விலையைக் கொள்ளலாகாது. ஆறு மாதமாக விற்காமல் கிடக்கும் வண்டியின் விளம்பர விலை, அந்த விலைக்கு வாங்க ஆளில்லை என்பதற்கே சான்று. அண்மையில் வாங்கியவர்கள் இருவர் மூவரையும், இத்தகைய வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒரு தொழிலாளரையும் கேட்டால் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

இரண்டாம் வரி, செப்பச் செலவு: அந்த நிலைக்குக் கொண்டுவர உதிரிப் பொருள்களுக்கும் கூலிக்கும் ஆகும் தொகை. இதைக் கழிக்க வேண்டும்.

மூன்றாம் வரி, மார்ஜின்: பார்வைக்குப் புலப்படாத பழுதுக்காக ஒதுக்கும் தொகை. சோதிக்க முடியாதவை மிகுந்தால் இதுவும் மிகும். நான் ஓடும் நிலை மதிப்பில் 15 விழுக்காடு வைத்துக்கொள்கிறேன். இதையும் கழித்தால் எஞ்சுவதே நம் உச்ச விலை.

ஒரு முன் நிபந்தனையும் உண்டு. வண்டியின் சட்டகம் நம் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். மற்றெல்லாப் பாகங்களையும் மாற்றிவிடலாம்; சட்டகத்தின் அளவை மாற்ற இயலாது. பொருந்தாத வண்டி எவ்வளவு மலிவாயினும் ஓட்ட விரும்புவோருக்கு அதன் மதிப்பு சுழியமே.

சோதித்து அறிய வேண்டியவை

இரண்டாம், மூன்றாம் வரிகளை நிரப்பக் கண்ணும் கையும் வேண்டும். உடன் எடுத்துச் செல்ல வேண்டியவை நான்கு: அளவுகோல், நூல், சிறு காந்தம், குறிப்பேடு.

சட்டகம்: முன்கவையின் தலைக்குப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வண்ணப்பூச்சில் மடிப்போ புடைப்போ தென்பட்டால், வண்டி முன்புறம் மோதியிருக்கக்கூடும். காந்தத்தைக் குழாய் நெடுகிலும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் பிடிப்புத் தளர்ந்தால், அங்கே பட்டி வைத்துப் பள்ளத்தை மறைத்திருக்கலாம். பின் சக்கரம் மாட்டும் ஒரு பக்கப் பிளவிலிருந்து நூலைத் தலைக்குழாயைச் சுற்றி மறுபக்கப் பிளவுக்கு இழுத்துக் கட்டி, இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்தால் சட்டகத்தின் கோட்டம் தெரிந்துவிடும். சட்டகம் வளைந்திருந்தால் கணக்கை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இறுகிய பாகங்கள்: எஃகுக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்தால், ஈரத்தில் இரு உலோகங்களும் அரித்துப் பற்றிக்கொள்ளும். இருக்கையும் கைப்பிடியும் ஏறி இறங்குகின்றனவா என்று விற்பவர் முன்னிலையிலேயே பார்த்துவிட வேண்டும்.

சங்கிலி: இதன் ஊசிகள் அரை அங்குல இடைவெளியில் அமைந்தவை. ஆகவே 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் சங்கிலியை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பிரீவீலின் பற்களும் தேய்ந்திருக்கும். இரண்டின் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சக்கரம்: பழைய வண்டிகள் பலவற்றில் 27 அங்குலச் சக்கரம் இருக்கும், அதன் டயர் அமரும் விட்டம் 630 மில்லிமீட்டர். இக்கால 700சி சக்கரத்துக்கு 622. டயர்கள் ஒன்றுக்கொன்று மாறாது. சக்கரத்தையே மாற்றினால் பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே எட்ட வேண்டும். ரிம் எஃகாயின் மழையில் பிரேக் பிடிப்பது குறையும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பெயரும் ஒட்டுத்தாளும்: இந்தியாவில் ‘ராலே’ என்ற பெயர் தாங்கிய பழைய மிதிவண்டிகள் பல மேற்கு வங்கத்தின் அசன்சோலில் இருந்த சென்-ராலே ஆலையில் உருவானவை. இங்கிலாந்தின் நாட்டிங்காமிலிருந்து வந்தவை வேறு. உறுதியில் இரண்டும் நன்று. சேகரிப்பவர் தரும் விலையில் வேறுபடும். ‘ரெனால்ட்ஸ் 531’ என்பது 1935இல் அறிமுகமான புகழ்பெற்ற எஃகுக் குழாய். ஒட்டுத்தாளைப் பொறுமையாகப் படியுங்கள். எல்லாக் குழாய்களும் அவ்வகையா, மூன்று முதன்மைக் குழாய்கள் மட்டுமா என்பது அதிலேயே இருக்கும். இருக்கைத் தண்டில் பொறித்த விட்டமும் துணை நிற்கும். 27.2 மில்லிமீட்டர் என்றால் மெல்லிய உயர்தரக் குழாயாக இருக்க வாய்ப்பு மிகுதி. அதைவிட மிகக் குறைந்தால் தடித்த சாதாரணக் குழாயாக இருக்கலாம்.

கணக்குக் காட்டிய எண்

சில ஆண்டுகளுக்குப் பின், அதே புனேயில், மறைந்த தம் கணவரின் மிதிவண்டியை ஒரு மூதாட்டி விற்க விரும்புவதாகக் கேள்விப்பட்டுச் சென்றேன். அவர் கணவர் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தபோது கொண்டுவந்த நாட்டிங்காம் ராலே அது. காகூ தேநீர் தயாரிக்க உள்ளே சென்ற நேரத்தில் நான் சோதனையை முடித்து எழுதிக்கொண்டேன்.

ஓடும் நிலை மதிப்பு 24,000 ரூபாய். டயர், டியூப் 2,600. சங்கிலியும் பிரீவீலும் 2,200. கம்பிகளும் பிரேக் கட்டைகளும் 800. கடைக்காரர்கள் ‘ஓவராயில்’ என்று சொல்லும் முழுப் பிரித்துப் பூட்டும் வேலைக்கும் சக்கரத்தின் பெண்டு எடுக்கவும் 2,000. ஆகச் செப்பச் செலவு 7,600. கைப்பிடித் தண்டு இறுகியிருந்ததால் மார்ஜின் 15 விழுக்காட்டையும் முழுமையாக வைத்தேன், 3,600. எஞ்சியது 12,800 ரூபாய்.

தேநீரோடு வந்த காகூ, “பழைய சாமான்காரர் இரண்டாயிரம் தருகிறேன் என்றார். நீங்கள் மூவாயிரம் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

உண்மையைச் சொல்வதானால், சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். மூவாயிரத்தை எண்ணி வைத்துவிட்டு வந்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், கேட்டவர் அவரே. ஆனால் குறிப்பேட்டில் மை உலராமல் 12,800 இருந்தது. 28,000 என்ற எண் என்னை மேலே இழுத்தபோது அதைப் பிழை என்று கண்டவன், 3,000 என்ற எண் கீழே இழுக்கும்போது அதைப் பேரத் திறமை என்று எப்படிச் சொல்வது? தன் நகையின் மாற்றை அறியாத பெண்மணிக்கு எங்கள் மதிப்பீட்டாளர் தராசை மாற்றிப் பிடிப்பதில்லை.

“12,000 ரூபாய் தருகிறேன், காகூ” என்றேன்.

அவர் மகிழவில்லை, ஐயுற்றார். இத்தனை தருகிறேன் என்பவர் எதையோ மறைக்கிறார் என்று எண்ணிப் பக்கத்து வீட்டாரை அழைத்தார். நான் குறிப்பேட்டை இருவர் முன்னும் வைத்து வரி வரியாகப் படித்துக் காட்டினேன். காகூ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசி வரியில் விரலை வைத்தார்.

“இங்கே 12,800 என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்?”

12,800 ரூபாய்க்கே வாங்கினேன். செப்பத்துக்கு 8,100 ரூபாய் ஆயிற்று. கைப்பிடித் தண்டு எண்ணெயில் நான்கு நாள் ஊறிய பிறகு அசைந்துகொடுத்தது. மொத்தம் 20,900. உச்ச விலையைக் கொடுத்தும் எனக்கு நட்டமில்லை. உச்ச விலை என்பதன் பொருளே அதுதான். அதற்குச் சற்றுக் கீழிருந்து பேச்சைத் தொடங்குவதில் தவறில்லை. அதைக் கடப்பதுதான் தவறு. கடக்க நேர்ந்தால் நன்றி கூறி எழுந்துவிட வேண்டும்.

பணம் கைமாறும்போது

வண்டியை நேரில் பாராமல் முன்பணம் அனுப்பாதீர்கள். மிதிவண்டிக்குப் பதிவு இல்லாததால் திருட்டு வண்டியும் விற்பனைக்கு வரலாம். ஆகவே சட்டகத்தில் பொறித்த எண், விற்பவர் பெயர், முகவரி, தொகை, நாள் ஆகியவற்றைக் குறித்துக் கையொப்பமிட்ட ரசீது பெறுங்கள். தொகையை வங்கிக் கணக்கு வழியாகச் செலுத்தினால் அதுவும் ஒரு சான்றாகும்.

விற்பவராக இருப்பின் ஒன்றை மறவாதீர்கள். உங்கள் கணக்கில் பணம் வரவு பெற யுபிஐ ரகசிய எண்ணை இடத் தேவையே இல்லை. ‘பணம் அனுப்புகிறேன், இதை ஸ்கேன் செய்து எண்ணை அழுத்துங்கள்’ என்று எவரேனும் சொன்னால் அவர் பணம் பறிக்க வந்தவர். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் அளியுங்கள். உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

மேலே கண்ட தொகைகள் ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும். மூன்று வரிகள் மாறா. தையல் இயந்திரம், புகைப்படக் கருவி, தேக்குமரக் கட்டில் என எந்தப் பழைய பொருளை வாங்கச் சென்றாலும் இவற்றை எழுதிப் பாருங்கள். எழுதிய தாளை விற்பவரிடமும் காட்டத் தக்கதாக எழுதுங்கள்.