பழைய டர்ன்டேபிளுக்கு கியாரண்டி கிடையாதா?

கேள்வி: தாத்தா காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் எழுபது இசைத்தட்டுகள் கிடைத்தன. பெரும்பாலும் எல்.பி. ரெக்கார்டுகள்; கர்நாடகக் கச்சேரிகள், கொஞ்சம் சினிமாப் பாட்டுகள். அவற்றைக் கேட்பதற்காகவே பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி, பழைய டர்ன்டேபிள் ஒன்று வாங்கினேன். இதில் எனக்கு முன் அனுபவம் கிடையாது. நான் இருப்பது திருச்சியில். சென்னையில் பழைய ஆடியோ சாமான்கள் விற்கும் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார். அதில் தட்டு சுற்றியது, பாட்டு ஓடவில்லை. "அமெரிக்கா பீஸ் சார், பக்கா கண்டிஷன். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போட்டா நம்ம ஊர்ல அப்படியே ஓடும்" என்றார். யு.பி.ஐ. மூலம் ரூ.8,000 அனுப்பினேன். டிரான்ஸ்ஃபார்மர் ரூ.1,200, பார்சல் ரூ.450 தனி.

வந்ததும் போட்டுப் பார்த்தால் பாட்டு இழுக்கிறது. பெண் குரல் ஆண் குரல் மாதிரி கேட்கிறது. கடைக்காரரோ, "பழைய சாமானுக்கு கியாரண்டி கிடையாது சார், பில்லைப் பாருங்க" என்கிறார். பார்சலோடு வந்த பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறது. வாங்கி 12 நாள் ஆகிறது. வழக்குப் போடலாமா? வேறொன்று வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

— வாசகர், திருச்சி

பதில்: போடலாம். ஆனால் "மெஷின் ரிப்பேர்" என்று எழுதினால் உங்கள் வழக்கு பலவீனமாகிவிடும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அந்த மெஷினில் அநேகமாக ரிப்பேர் எதுவும் இல்லை. அவர் சொன்ன சொல்தான் பொய்த்திருக்கிறது. உங்கள் புகார் அந்தச் சொல்லைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

முதலில் மெஷினின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். "120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்" என்றிருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. பழைய டர்ன்டேபிள்கள் பலவற்றில் உள்ள ஏ.சி. மோட்டார், மின்சாரத்தின் ஹெர்ட்ஸ் கணக்கில்தான் சுற்றும். 60-க்குச் செய்த மோட்டாருக்கு 50 கொடுத்தால் வேகம் ஆறில் ஐந்து பங்காகிவிடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய எல்.பி. 28 சுற்றுகூடச் சுற்றாது. ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். 20 நிமிடத்தில் முடிய வேண்டிய பக்கம் 24 நிமிடம் ஓடும். உங்கள் காதில் விழுந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க நிபுணர் வேண்டாம். சுழலும் வட்டத்தின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, 33-இல் வைத்து, கடிகாரம் பார்த்து மூன்று நிமிடம் எண்ணுங்கள். சரியான மெஷின் 100 சுற்று சுற்றும். உங்களுடையது 83-ஐ ஒட்டி நின்றால் விஷயம் முடிந்தது. எண்ணுவதை, கடிகாரமும் தெரியும்படி ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுத்துவையுங்கள். தகட்டையும் போட்டோ எடுங்கள். உங்கள் வழக்கின் முதல் இரண்டு ஆவணங்கள் இவை.

இனி சட்டத்துக்கு வருவோம்.

"பழைய சாமானுக்குச் சட்டம் கிடையாது" என்பது கடைத்தெருவில் புழங்கும் பேச்சு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புதியது, பழையது என்று பொருள்களைப் பிரிக்கவில்லை. சொந்த உபயோகத்துக்குக் காசு கொடுத்து வாங்கியவர் நுகர்வோர். மறுவிற்பனைக்கு வாங்கியிருந்தால்தான் சிக்கல். அந்தச் சட்டத்தின் 2(10)-ஆம் பிரிவு "குறைபாடு" என்ற சொல்லை விளக்கும் விதம் உங்களுக்குச் சாதகமானது. சட்டமோ ஒப்பந்தமோ கேட்கும் தரத்தில் குறைவது மட்டும் குறைபாடு அல்ல. வணிகர் எந்த விதத்திலாவது "இப்படி இருக்கும்" என்று சொல்லியிருந்தால், அந்தச் சொல்லுக்குக் குறைவதும் குறைபாடுதான். ஐம்பது வருஷத்துப் பழைய மெஷினைப் புதியதோடு ஒப்பிட்டு எந்த ஆணையமும் தீர்ப்புச் சொல்லாது. விற்றவரின் சொல்லோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். "நம்ம ஊர்ல அப்படியே ஓடும்" என்பதுதான் இங்கே அளவுகோல்.

1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவும் உங்களுக்குக் கைகொடுக்கும். வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பது பொது விதி. அதற்கு விலக்கு உண்டு. இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று நீங்கள் சொல்லி, அந்தத் தொழிலிலேயே இருக்கும் விற்பனையாளரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்கு உதவ வேண்டும். அதே பிரிவில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: வாங்குபவர் நேரில் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளைப் பிறகு சொல்ல முடியாது. நீங்கள் வீடியோவை நம்பி வாங்கியதால் அந்தத் தடை உங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. கடைக்கே போய் ஒரு பாட்டை ஓடவிட்டுக் கேட்டு வாங்கியிருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது இதைத்தான்.

பில்லில் அச்சடித்த வாசகம் உங்களைக் கட்டுப்படுத்துமா? பேரம் முடிந்து, பணம் போய்ச்சேர்ந்து, பார்சலுக்குள் வந்த காகிதத்தில் இருப்பது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனை என்று சொல்வது கடினம். அதைவிட முக்கியம், நுகர்வோர் சட்டத்தின் 2(47)-ஆம் பிரிவு. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது அது. பில்லே தராததும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்களுக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது. அதற்குள் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு சந்தேகம். அவர் "அப்படியே ஓடும்" என்றது வாட்ஸ்அப்பில் எழுத்தாகவோ குரல் பதிவாகவோ இருக்கிறதா, போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னதா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. வாய்ப்பேச்சு என்றால் இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: "டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் இங்கே சரியாக ஓடும் என்று நீங்கள் சொன்னதை நம்பி வாங்கினேன். மூன்று நிமிடத்தில் 83 சுற்றுதான் வருகிறது. வீடியோ இணைத்திருக்கிறேன்." கோபம் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். அவர் "ஆமா சார், ஆனா பழசுன்னா அப்படித்தான்" என்று பதில் போட்டால், சொன்னதை அவரே ஒப்புக்கொண்டதாகிறது. அந்த உரையாடலை அழிக்காதீர்கள். வழக்கு முடியும்வரை அந்தப் போனையும் மாற்றாதீர்கள். விவகாரம் நீதிமன்றம்வரை போனால், மின்னணுப் பதிவுக்கு 2023-ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டிவரும்.

அடுத்து, மெஷினை யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள். ஸ்க்ரூவில் கீறல் விழுந்தால், "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பார்கள். ஒரு பக்க அளவில் நோட்டீஸ் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கறிஞர் பெயரில்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. 15 நாள் கெடு கொடுத்து, மெஷின் விலை, டிரான்ஸ்ஃபார்மர், பார்சல் செலவு, ஆக ரூ.9,650 கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். பல விவகாரங்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருப்பதால் சென்னைக்கு அலைய வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட 34-ஆம் பிரிவு வழிசெய்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், நீங்களே வாதாடலாம். காலவரையறை 2 ஆண்டு. சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட இழுக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஒரு சமரச வழியும் சொல்கிறேன். பெல்ட்டில் ஓடும் சில மாடல்களில் மோட்டார் முனையில் உள்ள சிறு புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கானதாக மாற்றினால் வேகம் சரியாகிவிடும். கடைக்காரர் தன் செலவில் மாற்றி, 100 சுற்று எண்ணிக் காட்டினால் ஏற்றுக்கொள்ளுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால், வழக்குக்கு முன்பே அவரை அழைத்து இலவசமாகச் சமரசம் பேசுவார்கள். போலீசுக்கு ஓட வேண்டாம். ஏமாற்றுதலைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவுக்கு, ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். ஹெர்ட்ஸ் கணக்கு உங்கள் கடைக்காரருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஒரு குதிரைக் கதை வருகிறது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவன் நோயைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவன், "நீ மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாக எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லி, விற்பவன் சும்மா இருந்தால் அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். கேட்காமல் வாங்கியவனுக்கும் கேட்டு வாங்கியவனுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். பணம் அனுப்பும் முன்பு கீழ்க்கண்டவற்றை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். கடைசியில் "மாற்றிச் சொல்லாவிட்டால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி சேருங்கள்.

1. தகட்டில் உள்ள வோல்ட், ஹெர்ட்ஸ் என்ன? போட்டோ வேண்டும். ஜப்பானிய மெஷின்களில் 100 வோல்ட் என்றிருக்கும். டி.சி. மோட்டாரோ குவார்ட்ஸ் கட்டுப்பாட்டோடு கூடிய டைரக்ட் டிரைவோ என்றால் ஹெர்ட்ஸ் தொல்லை இல்லை. வோல்ட்டை மட்டும் கவனித்தால் போதும்.

2. மூன்று நிமிடத்தில் 100 சுற்று வருகிறதா? முழு வீடியோ வேண்டும். பெல்ட் இறுகிப்போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. ரப்பர் சக்கரம் தேய்ந்து குரல் அலைந்தால் யோசியுங்கள்.

3. என்ன கார்ட்ரிட்ஜ், அதற்கு மாற்று ஊசி இன்றும் கிடைக்கிறதா? பழைய ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. தேய்ந்த ஊசி உங்கள் தாத்தாவின் தட்டைச் சுரண்டிவிடும். பழைய பெட்டி பிளேயர்களில் உள்ள செராமிக் கார்ட்ரிட்ஜ் சுமார் 5 கிராம் எடையில் அழுத்தும். காந்த வகைக்கு 2 கிராம் அளவே போதும். எழுபது தட்டும் பிழைக்க வேண்டுமென்றால் காந்த வகையைத் தேடுங்கள்.

4. ஆர்மின் பின்னால் எடைக்கல் இருக்கிறதா? ஆர்மை விரலால் மெல்ல அசைத்தால் ஆட்டம் இருக்கிறதா? எடைக்கல் தொலைந்த மெஷின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

5. ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளே இருக்கிறதா? காந்த கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். சாதாரண ஸ்பீக்கரில் நேராகச் செருகினால் முணுமுணுப்புத்தான் கேட்கும். ப்ரீஆம்ப் தனியாக வாங்க வேண்டுமென்றால் அதுவும் உங்கள் பட்ஜெட்டில் அடக்கம்.

6. 78 வேகம் உண்டா? பெட்டியில் கனமான, எளிதில் உடையும் தட்டு ஒன்றிரண்டு இருந்தால் அவை 78 ஆக இருக்கலாம். அவற்றின் பள்ளம் அகலமானது. வேகம் இருந்தால் மட்டும் போதாது, தனி ஊசியும் வேண்டும்.

பத்தாயிரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊசிக்கும் பெல்ட்டுக்கும் ப்ரீஆம்புக்கும் ஒதுக்கிவிட்டு, மீதிக்குத்தான் மெஷின் பாருங்கள். வீட்டுச் சாமானை ஒரே ஒரு முறை விற்கும் தனிநபரிடம் வாங்கினால் விலை சல்லிசாக இருக்கும். ஆனால் அவரை "வணிகர்" என்று காட்டி நுகர்வோர் ஆணையத்துக்கு இழுப்பது கடினம். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பும் அங்கே கிடைக்காது. சொன்ன வர்ணனைக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்ற அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு மட்டும் அவருக்கும் பொருந்தும். அதற்கு நீங்கள் சிவில் நீதிமன்றம் போக வேண்டும். அவரிடம் வாங்கும்போது நேரில் போய், தாத்தாவின் தட்டு ஒன்றையே கொண்டுபோய் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். வெள்ளைத் தாளில் மாடல், சீரியல் எண், "ஓடும் நிலையில் உள்ளது" என்ற வரி, தேதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருள் என்று பின்னால் யாராவது வந்து நின்றாலும் அந்தத் தாள் உதவும்.

இப்போதைக்கு அடுத்த மெஷினைத் தேட வேண்டாம். முதலில் மூன்று நிமிடம் எண்ணுங்கள், நோட்டீஸை அனுப்புங்கள். முப்பதாவது நாள் முடிவதற்குள் அது கடைக்காரர் கையில் இருக்க வேண்டும்.