நண்டு குடைந்தால் புல் வளருமா?

அன்புள்ள கயலுக்கு,

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் நண்டு வளைகளைப் பார்த்துவிட்டு, "இப்படிக் குடைந்தால் வேர் அறுந்துபோகாதா சித்தப்பா?" என்று எழுதியிருந்தாய். இதே கேள்வியோடு சேற்றில் இறங்கியவர் அமெரிக்க ஆய்வாளர் மார்க் பெர்ட்னஸ். அவருடைய களம் அந்நாட்டின் வடகிழக்குக் கரையில் உள்ள உப்புச் சதுப்பு நிலங்கள். அங்கே அலையாத்தி மரம் கிடையாது. ஸ்பார்ட்டினா என்ற புல்தான் எங்கும். நாளுக்கு இருமுறை கடல்நீர் அதற்குள் ஏறி இறங்கும்.

முதலில் அந்தச் சேற்றைத் தெரிந்துகொள். நீர் ஊறிக் கிடப்பதால் சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அதற்குக் கீழே வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரில் உள்ள சல்பேட்டைக் கொண்டு காலம் தள்ளுகின்றன. ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. சதுப்பில் கால் வைத்ததும் எழும் அழுகிய முட்டை நாற்றம் அதுதான். வேருக்கு அது நஞ்சு. அங்கே வாழும் பிடில் நண்டு வளை தோண்டினால், கடல் வற்றும்போது மண்ணில் தேங்கிய நீர் வடியும், காற்று உள்ளே இறங்கும். வளையைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் சுவரை ஒட்டி மெல்லிய துருநிறப் படலம் தெரியும். மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனைச் சந்தித்த இடம் அது. அதைத் தாண்டினால் மண் கன்னங்கறுப்பு.

பெர்ட்னஸ் ஒரு பகுதியிலிருந்து நண்டுகளை அகற்றிவிட்டுக் காத்திருந்தார். ஒரே பருவத்தில் புல்லின் மேல்வளர்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வேர்த்தொகுதியோ கூடியது. மூச்சுத் திணறும் மண்ணில் செடி தன் உழைப்பை வேருக்கே செலவிட்டது என்பது என் புரிதல். 1985இல் வெளியான இந்த ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இவ்வளவு எளிய சோதனை, இவ்வளவு தெளிவான விடை!

இதை வைத்து, சேற்றில் வாழும் சிற்றுயிர்கள் எல்லாமே புல்லுக்கு நண்பர்கள் என்று முடிவுகட்டிவிடாதே. தெற்கே ஜார்ஜியா மாநிலக் கரையில் ஒரு சிறு நத்தை உண்டு. நீர் ஏறும்போது நீல நண்டுக்குப் பயந்து புல்லின் தண்டில் ஏறிக்கொள்ளும். ஏறிய இடத்தில் அரம் போன்ற நாக்கால் இலையை நீளவாக்கில் கீறும். இலை அதற்குப் பெரிய உணவல்ல; கீறலில் வளரும் பூஞ்சையைத்தான் அது விரும்பித் தின்கிறது. அதன் எச்சமே பூஞ்சைக்கு உரம். பூஞ்சை பரவப் பரவ இலை காய்ந்துபோகும். வேட்டையாடிகள் அண்டாத கூண்டுக்குள் நத்தைகளை மிகுதியாக விட்டபோது, எட்டே மாதத்தில் புல்வெளி வெறும் சேறானது. இந்தக் கூண்டுச் சோதனையைப் பற்றிப் பிரையன் சில்லிமனும் பெர்ட்னஸும் 2002இல் எழுதினார்கள்.

ஆகவே, ஒரு நண்டோ நத்தையோ செடிக்கு நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, அதை யார் தின்கிறார்கள் என்று கேட்பதே பயன் தரும். அமெரிக்க வடகிழக்குக் கரையில் உள்ள காட் முனையில் ஊதா நிறச் சதுப்பு நண்டு ஒன்று உண்டு. அதுவும் வளை தோண்டும். ஆனால் புல்லையே மேயும். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுவோர் மிகுந்த இடங்களில் இந்த நண்டைத் தின்னும் மீன்கள் குறைந்தன. நண்டு பெருகியது. ஓடைக்கரைப் புல் மொட்டையாகி, கரையே சரிந்தது.

கலிபோர்னியாவின் எல்க்ஹார்ன் கழிமுகத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. தோலுக்காக வேட்டையாடப்பட்டு அற்றுப்போகும் நிலைக்கு வந்த கடல் நீர்நாய்கள் அங்கே திரும்பி வந்தன. தினமும் தம் எடையில் கால்பங்கு தின்னும் பிராணி அது, நண்டென்றால் விடாது. நம் உமரியைப் போன்ற சதைப்பற்றுச் செடியின் வேரைத் தின்று கரையைக் குடைந்துவந்த நண்டுகள் குறைந்தன. நீர்நாய்கள் மிகுந்த ஓடைகளில் கரை அரிப்பு வெகுவாக மட்டுப்பட்டதை 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தனைக்கும் அங்கே கடல் மட்டம் இன்னும் உயர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

அன்புடன்,
உன் சித்தப்பா