மவுஸை ஒதுக்குங்கள், தொழில் கற்கலாம்!

பார்வையற்றோர் கம்ப்யூட்டரைக் காதால் படிக்கின்றனர். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் புரோகிராம், ஸ்கிரீன் ரீடர். அது தடுமாறும் இடங்களை இணைய தளங்களில் கண்டறிந்து சொல்வதே அக்சஸிபிலிட்டி டெஸ்டிங் என்னும் பணி. முதல் பாடத்தை வீட்டிலேயே தொடங்கலாம்.

1. என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். விண்டோஸில் இயங்கும், இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற மைக்கேல் கரன் 2006ல் இதனை உருவாக்கத் தொடங்கினார்.

2. பில் கட்டும் தளம் ஒன்றைத் திறந்து, கண்களை மூடிக் கொள்ளுங்கள். டேப் கீ அடுத்த லிங்க் அல்லது பட்டனுக்கும், எச் கீ அடுத்த தலைப்புக்கும் செல்லும். கண்ட்ரோல் கீ பேச்சை நிறுத்தும். வெளியேற இன்சர்ட் + க்யூ.

3. வெறும் "பட்டன்" என்று மட்டும் ஒலிக்கிறதா? அது பணம் செலுத்தவா, ரத்து செய்யவா? பார்வையற்றவர் எப்படி அறிவார்? இதுதான் குறை.

4. எந்தப் பக்கம், எந்தக் கீ, என்ன கேட்டது, என்ன கேட்க வேண்டும் என எழுதுங்கள். டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்ற வழிகாட்டியில் இதற்கான விதி எண் 4.1.2.

இத்தகைய அறிக்கைகள் பத்து சேர்ந்தால், வேலை கேட்கும்போது காட்டலாம். தனியே தொழில் தொடங்கினால், பார்வையற்ற ஒருவரையும் சம்பளம் கொடுத்துச் சேர்த்துக் கொள்ளுங்கள். நாம் கண்ணை மூடிக் கேட்பதைவிட அவர் காது இதற்குப் பழகியது.