சூடேறினால் அடங்கும் சத்தம்

என் புரோட்டான் இஸ்வாரா 1994-இல் பதிவான வண்டி. 1.3 லிட்டர், கார்புரேட்டர். மலேசியாவில், கேமரன் மலையின் கம்போங் ராஜாவில் இந்த வயதுக் காடியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். என்னைவிட மூத்த லேண்ட்ரோவர்கள் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கடகடவென்று போகிற ஊர் இது. அவை சத்தம் போடாமல் போனால்தான் ஊர் பயப்படும்.

ஆனால் என் வண்டி அதுவரை சத்தம் போட்டதில்லை. ஒரு நாள் காலை, பாட்டி வீட்டுத் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி 'டிக் டிக் டிக்' என்று ஆரம்பித்தது. கியர் போட்டு மேட்டில் மிதித்தால் தையல் வேகமெடுக்கும்.

சிம்பாங் பூலாய் ரோடு வழியாகக் கீழே ஈப்போவுக்கு இறங்கி ஒரு பட்டறையில் காட்டினேன். எங்கள் பக்கம் மெக்கானிக்கை ஃபோர்மேன் என்றுதான் சொல்வோம். அவர் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் காது கொடுத்துவிட்டு, "டாப்பெட்டு, அக்கா. மேல் எஞ்சினை இறக்கணும்" என்றார். இன்னொரு இடத்தில், "உள்ளே கம்பி அடிக்குது. ஹாஃப்கட் எஞ்சின் ஒண்ணு போட்டுடுங்க, ரெண்டாயிரம் வெள்ளிக்குள்ள முடிச்சிடலாம்" என்றார்கள். கனெக்டிங் ராடைத்தான் கம்பி என்கிறார்கள்; ஹாஃப்கட் என்றால் வெட்டிய பழைய வண்டியிலிருந்து எடுத்த எஞ்சின். அந்த வண்டியை விற்றாலே ரெண்டாயிரம் வருமா என்பது வேறு விஷயம்.

அவர்கள் ஏமாற்றினார்கள் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. மலையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டி இறங்கியதில் எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது. பட்டறை வாசலில் சத்தம் அநேகமாகச் செத்துவிட்டது. நான் வாயால் 'டிக் டிக்' என்று செய்து காட்டியதை வைத்துத்தான் இரண்டு பேரும் தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்து உருட்டும் ரோலர், வாட்டும் தொட்டிகளின் விசிறி, டிரையர் எல்லாம் அவர் காதுக்குள் ஓடியவை. பேரிங் போகப் போகிறதா என்று பார்க்க ஒரு மரக்குச்சியின் ஒரு முனையை மிஷினில் வைத்து, மறுமுனையைக் காதோரம் வைத்துக்கொள்வார்.

"எப்போ சத்தம் வருது?"

"எப்பவும் வருதுப்பா."

"எப்பவும்னு ஒண்ணு கிடையாது பாப்பா. எழுதி வை."

கையில் ஒரு 555 நோட்டைக் கொடுத்தார். மளிகைக்கடைக் கடன் எழுதுகிற அதே குட்டி நோட்டு. ஒரு வாரம் எழுதினேன். விடிகாலை ஸ்டார்ட் செய்ததும் பலம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தேய்ந்துவிடும். ஏற்றத்தில் மிதித்தால் கூடும், இறக்கத்தில் காலை எடுத்தால் காணாமல் போகும். கிளட்சை அமுக்கினாலும் விட்டாலும் மாற்றமில்லை. ஹெட்லைட், ஏர்கோன் போட்டாலும் மாற்றமில்லை. கடைசிப் பக்கத்தில், சத்தத்துக்குச் சம்பந்தமில்லாததுபோல, 'தலைவலி, வளைவு ஜாஸ்தி' என்று கிறுக்கியிருந்தேன்.

அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். உள்ளே கம்பி அடித்தால் சூடேற ஏற ஆயில் இளகி, சத்தம் கூடத்தான் செய்யும், குறையாது என்றார். ஹாஃப்கட் செலவு அந்த ஒரு வரியிலேயே அடிபட்டுப் போனது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார், ஆயில் அளவு சரி. மிச்சம் இருந்தது டாப்பெட்.

டாப்பெட் என்று ஃபோர்மேன் சொன்னதிலும் நியாயம் உண்டு. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரே சுற்றுதான். நின்ற இடத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால், ஒரு தளர்ந்த வால்வு நிமிடத்துக்கு 400 தடவை தட்டும், விநாடிக்கு ஆறேழு. ஒரு சிலிண்டர் புகையைத் தள்ளுவதும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான். ஆகவே எக்ஸோஸ் பக்கம் ஒரு கேஸ்கெட் கசிந்தால் அதே தாளம், அதே 'டிக்'. வெறும் காதுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

மறுநாள் விடியலில் பனி இறங்கிக் கிடந்தது. 16 டிகிரி இருக்கும். அப்பா நீளமான ஸ்க்ரூடிரைவரும் ஒரு முழ ரப்பர் டியூபும் எடுத்து வந்தார். முதலில் என் ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் சுருட்டச் சொன்னார், கழுத்துத் துண்டைக் கழற்ற வைத்தார். குளிர் ஊரில் இதுதான் ஆபத்து. தொங்குகிற துணியை ஃபேன் பெல்ட் இழுத்தால் கையோடு போகும்.

ஸ்க்ரூடிரைவரின் நுனியை வால்வு மூடியில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினேன். சீரான சலசலப்பு, தனியாக ஒரு தட்டல் இல்லை. ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் இரண்டும் அமைதி. அடுத்து டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை எக்ஸோஸ் மேனிஃபோல்டின் ஓரமாக, இரும்பில் படாமல் நகர்த்தினேன். பெல்ட் பக்கத்து முதல் சிலிண்டருக்கு வந்ததும் காதில் யாரோ 'ப்ஸ் ப்ஸ்' என்று துப்பியது போல இருந்தது. உலோகம் எதுவும் தட்டவில்லை, காற்றுதான் தெறித்தது.

அப்பா டார்ச்சை அடித்தார். அந்த இடத்தில் மயிரிழை போல வெள்ளை ஆவி, ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒரு இழை. புகையில் இருக்கும் நீராவி குளிரில் துளித்துளியாகிக் கண்ணுக்குத் தெரிகிறது. ஈப்போ வெயிலில் எந்த ஃபோர்மேனுக்கும் இது தெரிந்திருக்காது. சந்தேகம் தீர, அப்பா தடித்த கையுறையோடு ஈரத்துணியை வால் குழாயில் இரண்டு விநாடி அழுத்தினார். உள்ளே அழுத்தம் ஏறி 'டிக்' இரண்டு மடங்கானது. அணைத்து ஆறவிட்டுப் பார்த்தபோது கேஸ்கெட் ஓரத்தில் விசிறி போலக் கரி படிந்திருந்தது, ஒரு ஸ்டட் உடைந்திருந்தது. சூடேறியதும் இரும்பு விரிந்து இடுக்கை அடைத்துக்கொண்டது, அதனால்தான் சத்தம் அடங்கியது.

அப்போதுதான் அப்பா கடைசிப் பக்கத்துத் தலைவலிக்கு வந்தார். குளிருக்காகக் கண்ணாடியை மூடிக்கொண்டுதான் ஓட்டுவேன். பானெட்டுக்குள் கசிகிற புகை காற்றுத் துவாரம் வழியாக உள்ளே வரும். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. நான் பாவம் வளைவுகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். பழைய வண்டியில் இந்த 'டிக்' வந்தால், சரி செய்யும்வரை ஜன்னலை இறக்கி வையுங்கள், குளிரட்டும்.

கேஸ்கெட் சில்லறைக் காசு. உடைந்த ஸ்டட்டைத் துளை போட்டு எடுக்கத்தான் உள்ளூர் ஃபோர்மேனுக்கு அரை நாள் ஆனது. மொத்தம் 180 வெள்ளி. நோட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "எல்லாரும் இப்படி எழுதிக் கொண்டாந்தா எனக்கு வேலையே இல்லை லா" என்றார்.

அதன்பிறகு பக்கத்து வீட்டு வண்டிகளுக்கும் காது கொடுக்கிறேன். ஈரக் காலையில் 'கீச்' என்றால் பெல்ட். ஓடும் பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் கீச்சு கூடுகிறதா, தளர்ந்திருக்கிறது. சத்தம் நின்றுவிட்டுத் திரும்ப வருகிறதா, புல்லி நேராக இல்லை. சிம்பாங் பூலாய் அடிவாரத்தில் ஏறும்போது உண்டியல் குலுக்குவது போல ஒரு சத்தம் வந்து, மேலே வர வர மறைந்தால், வண்டி தானாகக் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். மலை மேலே இருக்கும் தானா ராத்தா 1,440 மீட்டர் உயரம், காற்றே லேசு. சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதால் அந்த 'பிங்கிங்' ஒளிந்துகொள்கிறது. டைமிங்கைப் பார்க்க வேண்டும். சாலைக்காக வெட்டிய பாறைச் சுவரோரம் ஜன்னலை இறக்கி மெதுவாகப் போனால், வெளியில் தெறிக்கிற சத்தமெல்லாம் பாறையில் பட்டுக் காதுக்குத் திரும்பும். கனமான 'டொக் டொக்' கேட்டு ஆயில் விளக்கும் எரிந்தால் மட்டும் நோட்டும் வேண்டாம், குச்சியும் வேண்டாம். அங்கேயே அணைத்துவிட்டு இழுவை லோரியைக் கூப்பிடுங்கள்.

பட்டறைக்குப் போவதென்றால் முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டு, காலையில் அவர்களையே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முடியாவிட்டால் முதல் ஸ்டார்ட்டைக் கைப்பேசியில் பதிந்து கொண்டுபோங்கள்.

நோட்டில் நேற்று எழுதியது: 'அறுபதில் ஒரு முனகல். நியூட்ரலுக்கு மாற்றினாலும் இருக்கு. இடது வளைவில் கூடுது, வலதில் இல்லை.' அப்பா படித்துவிட்டு, இடது பக்கம் திரும்பினால் பாரம் எந்தப் பக்கம் சாயும் என்று மட்டும் கேட்டார். வலது முன் சக்கரத்தைத் தூக்க ஜேக்கைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.