சத்தம் எந்த மடையில் நிற்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

கோணம் ஐ.டி.ஐ. படிப்பை முடித்துவிட்டு வடசேரியில் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஹோம் தியேட்டரோடு கம்ப்யூட்டரை இணைத்து வைத்திருக்கும் வீடுகளில் வால்யூம் புகார்தான் உன்னை அலைக்கழிக்கிறது என்றும் சொல்லியிருந்தாய். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் அந்த வீட்டில் யார் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று பார். நம் மாவட்டத்தில் ஹோம் தியேட்டர் பல வீடுகளில் வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளை லீவுக்கு வந்தபோது ஆசையாக மாட்டிவைத்துப் போன சாதனம். பெரிய டிவி, ஆம்ப்ளிஃபயர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்ஊஃபர், படங்களெல்லாம் ஏற்றிய சின்னக் கம்ப்யூட்டர். பிள்ளை விமானம் ஏறிய பிறகு அதோடு மல்லுக்கட்டுவது வயதான தாயும் தகப்பனும். அவர்கள் போனில் "சத்தம் சரியில்ல மக்களே" என்று சொன்னால் அதற்குள் வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். எதை அமுக்கினார்கள், எந்தப் படம், கேட்காதது பேச்சா பாட்டா என்று பொறுமையாகக் கேள். ரிமோட்டை உடனே உன் கையில் வாங்காதே. அவர்களையே செய்துகாட்டச் சொல்.

நாகர்கோவில் வானொலி தொடங்கிய 1984-ல் நாங்கள் திறந்து பார்த்த ரேடியோக்களில் வால்யூம் கண்ட்ரோல் ஒன்றுதான். இன்று படம் ஓட்டும் பிளேயரில் ஒன்று, விண்டோஸிலோ லினக்ஸிலோ ஒன்று, டிவியில் ஒன்று, ஆம்ப்ளிஃபயரில் ஒன்று, அதற்குள் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி அளவு. பேச்சிப்பாறை அணைத் தண்ணீரைத் தலைமடையில் அடைத்துவிட்டுக் கடைமடையை எவ்வளவு திறந்தாலும் வயல் நனையாது, இதுவும் அப்படித்தான். முன்னால் இருப்பவற்றை முழுதாகத் திறந்து வை. கடைசியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் ஒன்று மட்டும் அசையட்டும். 16 பிட் வெளியீட்டில் கம்ப்யூட்டரின் அளவை 6 டெசிபல் குறைக்கும்போதெல்லாம் ஒரு பிட் போகிறது. 24 டெசிபல் குறைத்தால் மிஞ்சுவது 12 பிட். அதை ஈடுகட்ட ஆம்ப்ளிஃபயரை ஏற்றினால் அதன் இரைச்சலும் சேர்ந்து ஏறும். வி.எல்.சி.யில் 100-க்கு மேலும் ஏற்ற முடியும். ஏற்றினால் ஒலி உடைந்து கரகரக்கும். 100-ல் நிறுத்து.

"கீபோர்டில் வால்யூமைக் கூட்டுகிறேன், திரையில் கோடு ஏறுகிறது, சத்தம் ஏறவில்லை" என்பார்கள். டிரைவரை அழித்துத் திரும்பப் போட ஓடாதே. பிளேயரின் ஆடியோ அமைப்பில் பாஸ்த்ரூ திறந்திருக்கிறதா என்று பார். அது திறந்திருந்தால் டால்பி, டி.டி.எஸ். ஒலியைக் கம்ப்யூட்டர் பிரிக்காமல் அப்படியே எச்.டி.எம்.ஐ. வழியாக ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. சுருக்கிக் கட்டிய அந்தத் தரவைக் கூட்டவோ குறைக்கவோ கம்ப்யூட்டரால் முடியாது. எதுவும் பழுதாகவில்லை. எச்.டி.எம்.ஐ.யின் சி.இ.சி. வசதியை டிவியிலும் ஆம்ப்ளிஃபயரிலும் இயக்கிவிட்டால் டிவி ரிமோட்டிலேயே ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் ஏறி இறங்கும். வயதானவர்களுக்கு ஒரே ரிமோட் போதும். அந்த வசதி இல்லாத பழைய ஆம்ப்ளிஃபயர் என்றால் பாஸ்த்ரூவை அணைத்து, ஒலியைக் கம்ப்யூட்டரே பிரித்து அனுப்பும்படி செய். எச்.டி.எம்.ஐ. வழியில் டால்பியின் அட்மாஸ் மட்டும்தான் கிடைக்காமல் போகும், 5.1 அப்படியே வரும். ஆனால் இணைப்பு ஆப்டிகல் கேபிள் என்றால் கவனம்: பிரித்த ஒலியில் இரண்டு சேனலுக்கு மேல் அதில் போகாது.

உன்னை அதிகம் சோதிக்கப்போவது வேறொன்று. சண்டையும் பாட்டும் வீட்டை அதிரவைக்கும். பேச்சு மட்டும் புரியாது. கூட்டினால் அடுத்த வீட்டுக்காரர் வருவார், குறைத்தால் கதை விளங்காது. இதன் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு பழைய படத்தைப் போடு. முட்டத்தில் எடுத்த 'அலைகள் ஓய்வதில்லை' (1981) போன்ற படங்களில் பேச்சும் இசையும் ஒரே தடத்தில் இருக்கும். 1995-ல் 'குருதிப்புனல்' டால்பியில் வந்தது. அதற்குப் பிறகு பல சேனல் ஒலி வழக்கமானது. 5.1 ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். பழைய படத்தில் பேச்சு தெளிவாகக் கேட்டு, புதிய படத்தில் கேட்காவிட்டால் நடு சேனல் எங்கோ தொலைகிறது என்று வைத்துக்கொள். நடு ஸ்பீக்கரின் வயர் கழன்றிருக்கலாம். அல்லது இரண்டே ஸ்பீக்கர் இருக்கும் வீட்டில் கம்ப்யூட்டரில் 5.1 என்று குறித்திருப்பார்கள். அதை ஸ்டீரியோ ஆக்கினால் பேச்சு திரும்பிவிடும். எல்லாம் சரியாக இருந்தும் புரியவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயரில் நடு ஸ்பீக்கரின் அளவை 3 டெசிபல் ஏற்று. இரவில் கேட்பவர்களுக்கு நைட் மோடைக் காட்டிக்கொடு. பெரிய சத்தத்தை அது அடக்கிச் சின்னச் சத்தத்தை மேலே கொண்டுவரும்.

அதற்கும் மசியவில்லை என்றால் ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டு. பழைய ஓட்டு வீடுகளில், மரத்தட்டு போட்ட அறைகளில், தட்டிய ஓசை அங்கேயே அடங்கும். இப்போது கட்டுகிற உயரமான ஹாலும் பளபளக்கும் டைல் தரையும் பேச்சைத் திருப்பித் திருப்பி எறிகின்றன. ஒரு சொல் முடியுமுன் முந்தைய சொல்லின் எதிரொலி அதன்மேல் விழுகிறது. அங்கே புது ஸ்பீக்கர் விற்கப் பார்க்காதே. கனமான திரைச்சீலையும் தரையில் ஜமக்காளமும் போடச் சொல், நாற்காலியைத் திரைக்குக் கொஞ்சம் கிட்டே நகர்த்து. வியாபாரம் போகிறதே என்று உன் முதலாளி வருந்தலாம். ஆனால் அந்த வீட்டில் கேட்கும் காதுக்குத்தான் நீ வேலை செய்கிறாய்.

தானாகச் சத்தம் குறைகிறது என்றால், வீடியோ கால் வரும்போதா என்று கேள். அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் அமைப்பு விண்டோஸில் உண்டு, அதை அணைத்துவிடு. டிவியை அணைத்துப் போட்டதும் ஒலி காணாமல் போனால், கம்ப்யூட்டர் வேறு வெளியீட்டுக்குத் தாவியிருக்கும், எச்.டி.எம்.ஐ.யைத் திரும்பத் தேர்ந்தெடு.

கடலோரத்தில், குளச்சலிலும் மணக்குடியிலும், உப்புக் காற்று வேலையைக் காட்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு, ஈரம் விட்டபாடில்லை. வால்யூம் குமிழைத் திருகினால் எண் தாவுகிறது, கூட்டினால் குறைகிறது என்றால் உள்ளே இருக்கும் என்கோடரின் தொடுமுனை கறுத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, மின்தேக்கிகள் இறங்கக் காத்திருந்து, கான்டாக்ட் கிளீனர் அடி. எண்ணெய் விடாதே, தூசி ஒட்டி இன்னும் மோசமாகும். பழைய செட்டில் பொட்டென்ஷியோமீட்டரை மாற்றும்போது அதன்மேல் எழுதியிருப்பதைப் படி. A50K இருந்த இடத்தில் B50K போட்டால் ஓம் அளவு பொருந்தும், காதுக்குப் பொருந்தாது. கால் திருப்பிலேயே சத்தம் எகிறும், பிறகு திருப்பியும் பெரிய மாற்றம் தெரியாது. நம் காது ஒலியை மடங்கு மடங்காக அளக்கிறது. அதற்கேற்ற வளைவோடு செய்தது A.

இன்னொன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கண்டுபிடிக்க முடியாத கோளாறுக்கு ஃபார்மட் அடிக்கும் பழக்கம் கடைகளில் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரில் பேரப்பிள்ளைகளின் படங்கள் இருக்கும், வேறெங்கும் பிரதி இல்லாமல். வால்யூம் புகாருக்காக அதில் கை வைக்காதே.

கிளம்புமுன் ஆம்ப்ளிஃபயரின் எண்ணைப் பார். பலவற்றில் அது -40, -30 என்று மைனஸில் காட்டும். எண் சிறுக்கச் சிறுக்கச் சத்தம் ஏறுவது வயதானவர்களைக் குழப்பும். 0-விலிருந்து மேலே எண்ணும்படி மாற்றும் வசதி பெரும்பாலும் மெனுவிலேயே இருக்கும், மாற்றிக்கொடு. பிறகு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டு: எந்த ரிமோட், எந்தப் பட்டன், பகலில் எந்த எண், இரவில் எந்த எண். கம்ப்யூட்டரில் நீ வைத்த அளவுகளையும் அடியில் குறித்துவை. அடுத்த லீவுக்கு வரும் பிள்ளைக்கு அது உதவும்.

அன்புடன்,
உன் அண்ணாச்சி